காட்டுப் பூவரசை விதையிலிருந்து வளர்த்தல்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

நீலகிரி, பழனி, ஆனைமலை ஆகிய மலைகளின் உயரமான பகுதிகளில், சோலைக்காடு முடிந்து புல்வெளி தொடங்கும் ஓரங்களில், முடிச்சு முடிச்சான தண்டும் தடித்த பட்டையுமாக நின்று, குளிர்காலம் கழியும் வேளையில் இரத்தச் சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரானைத்தான் மலையில் காட்டுப் பூவரசு என்கிறோம். கடற்கரையோரப் பூவரசுக்கும் இதற்கும் உறவில்லை. காற்று வீசும் வெட்டவெளியில் இது புதராகவே நின்றுவிடும். சோலையின் அணைப்பில் சிறு மரமாகும். தீபகற்ப இந்தியாவில் இயற்கையாக வளரும் ரோடோடென்ட்ரான் இது ஒன்றுதான். இதே இனத்தின் மற்ற வகைகள் இமயமலையிலும், இலங்கையின் நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பகுதிகளிலும் இருக்கின்றன. நேபாளத்தின் தேசிய மலரும் உத்தரகாண்டின் மாநில மரமும் இந்த இனமே.

இதை விதையிலிருந்து வளர்க்க முயன்று கைவிட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய தட்டுகளில் நாற்றுகள் செத்ததற்குப் பெரும்பாலும் நோய் காரணமில்லை. அறிகுறியைத் தவறாகப் படித்து, காரணத்துக்கு நேர் எதிரான வைத்தியத்தைச் செய்ததே காரணம். இலை வாடினால் தண்ணீர், வெளிறினால் உரம், சாய்ந்தால் வெயில் என்று கை தானாக நீளுகிறது. இந்தச் செடியில் ஒரே அறிகுறிக்கு இரண்டு மூன்று காரணங்கள் உண்டு என்பதால், எதையும் ஊற்றுவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் கீழே சொல்லியிருக்கிறேன்.

தொடங்குவதற்கு முன் இரண்டு செய்திகள். முதலாவது, விதையைக் காப்புக்காட்டிலிருந்து வனத்துறையின் அனுமதியின்றி எடுக்கக் கூடாது. சொந்த நிலத்தில் அல்லது தோட்டத்தில் நிற்கும் மரத்திலிருந்து, உரிமையாளரின் சம்மதத்தோடு எடுத்த விதையே நல்ல விதை. இரண்டாவது, இது மலைச் செடி. ஏறக்குறைய 1,500 மீட்டருக்குக் கீழே, இரவிலும் வெக்கை அடங்காத ஊர்களில், விதை முளைத்தாலும் செடி நிலைக்காது. சென்னையிலோ மதுரையிலோ மொட்டை மாடியில் வளர்க்க நினைப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையில் உள்ள எந்த வழிமுறையும் உதவாது என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

விதைத்து நாற்பது நாளாகியும் ஒன்றும் முளைக்கவில்லை

சரியான நிலையில், அதாவது 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், நல்ல விதை இரண்டு முதல் நான்கு வாரங்களில் முளைத்துவிடும். நாற்பது நாள் கடந்துவிட்டது என்றால் காத்திருப்பதில் பயன் குறைவு. காரணத்தைத் தேட வேண்டும்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி, விதைத்தது விதைதானா என்பது. காய் வெடித்துக் கொட்டுவதில் பாதிக்கு மேல் தூசும் உமியும் இருக்கும். விதை ஒரு மில்லிமீட்டர் அளவே நீளமுள்ளது. ஒரு கிராமில் பல ஆயிரம் விதைகள் அடங்கும். மிச்சம் வைத்திருக்கும் விதையை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டி, தாளை நடுவில் மடித்து, சற்றே சாய்த்து விரலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். கனமான விதைகள் மடிப்பின் வழியே முன்னால் ஓடி வரும். உமி பின்தங்கி நிற்கும். முன்னால் வந்ததை உருப்பெருக்கும் கண்ணாடியில் பார்த்தால், இரு முனையும் மெலிந்த, நடுவில் சற்றுப் புடைத்த பழுப்பு நிறத் துணுக்காகத் தெரியும். அந்தப் புடைப்புதான் உயிர். புடைப்பில்லாமல் சல்லடைத் துணிபோல ஒளி ஊடுருவினால் அது பதர். விலை கொடுத்து வாங்கிய ஒரு பொட்டலம் முழுவதையும் நான் விதைத்து இரண்டு மாதம் தண்ணீர் தெளித்த பிறகு, மிச்சத்தைக் கண்ணாடியில் பார்த்தபோது அதில் புடைப்புள்ள துணுக்கு ஒன்றுகூட இல்லை. அதன் பிறகு எந்த விதையையும் இப்படிப் பார்க்காமல் விதைப்பதில்லை.

விதை நல்லது என்று தெரிந்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது மண்மூடல். மற்ற விதைகளைப் போல இதன்மேல் மண் தூவினால் முளைக்காது. ரோடோடென்ட்ரான் விதைக்கு முளைக்க வெளிச்சம் வேண்டும். மேற்பரப்பில் தூவி, அழுத்தாமல் அப்படியே விட வேண்டும். மேலிருந்து பூவாளியால் ஊற்றியிருந்தாலும் விதை இடுக்குகளுக்குள் இறங்கிப் புதைந்திருக்கும். இந்த இரண்டில் எதுவானாலும் அந்தத் தட்டை மீட்க முடியாது. புதிதாக விதைப்பதே வழி.

மூன்றாவது காரணம் பழமை. காகித உறையிலிட்டு, இறுக மூடிய பாட்டிலில் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்த விதை இரண்டு மூன்று ஆண்டுகள் தாங்கும். சமையலறை அலமாரியில் கிடந்த விதை அவ்வளவு காலம் தாங்காது. சந்தேகம் இருந்தால், ஈரமான மெல்லிய தாளின்மேல் இருபது விதைகளைப் பரப்பி, மூடியுள்ள ஒளி புகும் டப்பாவில் வைத்து மூன்று வாரம் பாருங்கள். அங்கே முளைத்துத் தட்டில் முளைக்கவில்லை என்றால் குற்றம் தட்டில்தான்; அங்கும் முளைக்கவில்லை என்றால் விதையில்.

கடைசியாக வெப்பம். கண்ணாடி மூடிய தட்டு நேரடி வெயிலில் அரை மணி நேரம் இருந்தாலே உள்ளே அவிந்துவிடும். கிழக்கு அல்லது வடக்கு ஜன்னலோரத்துச் சிதறிய வெளிச்சமே போதும்.

முளைத்த நாற்றுகள் அடியில் மெலிந்து சாய்கின்றன

முந்திய நாள் மாலையில் பச்சைப் பசேலென்று இருந்த தட்டில், காலையில் மூடியைத் திறந்தால் ஒரு காசு அளவு வட்டத்தில் நாற்றுகள் படுத்துக் கிடக்கும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நூலாக மெலிந்து, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும். இது நாற்றழுகல் நோய். வட்டம் நாளுக்கு நாள் பெரிதாகும்.

இதை வெயிலில் வாடியதாக நினைத்துத் தண்ணீர் தெளிப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. தெளித்தால் மறுநாள் வட்டம் இரட்டிப்பாகும். செய்ய வேண்டியது இது: ஒரு தேக்கரண்டியால், சாய்ந்த நாற்றுகளோடு, சுற்றிலும் நலமாகத் தெரியும் ஒரு விரற்கடை அகலத்தையும் சேர்த்து, மண்ணோடு அள்ளி எறிந்துவிடவும். மூடியை முழுவதும் எடுக்காமல் ஒரு குச்சி வைத்து உயர்த்திக் காற்றோட்டம் கொடுக்கவும். அந்த வாரம் முழுவதும் மேலிருந்து தண்ணீர் கூடாது. தேவைப்பட்டால் தட்டை ஆழமில்லாத தண்ணீர்ப் பாத்திரத்தில் வைத்து அடியிலிருந்து உறிஞ்சவிட்டு, மேற்பரப்பு நிறம் மாறியதும் எடுத்துவிட வேண்டும். நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சையான ட்ரைக்கோடெர்மா விரிடியை எஞ்சிய பகுதிக்கு இட்டால் பரவுவது மட்டுப்படும். செத்த வட்டம் அதனால் பிழைக்காது.

அடுத்த முறை இது வராமலிருக்க, விதைப்பதற்கு முந்திய நாள் தட்டிலுள்ள வளர்ப்புக் கலவையின்மேல் கொதிக்கும் நீரை ஊற்றி ஆறவிடுங்கள். விதையை நெருக்கமாகத் தூவாதீர்கள். நாற்றுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றால், எவ்வளவு கவனம் எடுத்தாலும் ஏதாவது ஒரு மூலையில் அழுகல் தொடங்கிவிடும்.

தட்டின் மேற்பரப்பு பச்சையாகப் படர்ந்திருக்கிறது. சிறு கறுப்பு ஈக்கள் பறக்கின்றன

பச்சைப் படலம் பாசி. ஈரமும் வெளிச்சமும் மிகுந்து, காற்று குறைந்ததன் அடையாளம் அது. நாற்றைவிட வேகமாக வளர்ந்து அதை மூடிவிடக்கூடியது என்பதால், முளைப்பு முடிந்தவுடன் மூடியைச் சிறிது சிறிதாகத் திறந்து ஒரு வாரத்தில் முழுவதும் எடுத்துவிட வேண்டும். ஈக்களின் புழுக்கள் இளவேர்களைக் கடிக்கும். மஞ்சள் ஒட்டுப் பொறி ஒன்றைத் தட்டருகே வைத்து, தண்ணீர் விடும் இடைவெளியைக் கூட்டினால் குறையும்.

நாற்றுகள் நெட்டையாக, வெளிச்சத்தை நோக்கிச் சாய்ந்து வளர்கின்றன

வெளிச்சப் பற்றாக்குறை. தட்டை வெயிலில் கொண்டுபோய் வைக்காதீர்கள், ஒரே நாளில் கருகிவிடும். சாதாரண எல்.இ.டி. குழல்விளக்கை ஓர் அடி உயரத்தில் தொங்கவிட்டு நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிட்டால், அடுத்து வரும் இலைகள் குட்டையாகவும் நெருக்கமாகவும் வரும். மூடுபனி மாதங்களில் நீலகிரியில் இது கட்டாயத் தேவை.

இலை மஞ்சளாகிறது, நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்கின்றன

எனக்கு மிக அதிகமாகப் பாடம் கற்பித்த அறிகுறி இதுதான். புதிய இலைகளில், நரம்புகள் பச்சை வலையாகவும் இடைப்பகுதி எலுமிச்சை மஞ்சளாகவும் தெரிந்தால், அது இரும்புச்சத்துக் குறைபாடு. ஆனால் மண்ணில் இரும்பு இல்லை என்று அதற்குப் பொருளில்லை. மண்ணின் அமிலத்தன்மை குறைந்துவிட்டதால், இருக்கும் இரும்பை வேரால் எடுக்க முடியவில்லை என்பதே பொருள். தேயிலையைப் போலவே இதற்கும் புளிப்பு மண் வேண்டும், புளிப்பைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 4.5 முதல் 5.5 வரை இருக்கும்போதுதான் இது முகம் மலர்ந்திருக்கும்.

மாறாக, மஞ்சள் அடி இலைகளில் தொடங்கி, நரம்பு உட்பட இலை முழுவதும் வெளிறினால் அது தழைச்சத்துக் குறைவு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, இரும்புக் குறைபாட்டுக்குத் தழைச்சத்து உரம் போட்டால், உப்பேறி நாற்று கருகும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரே மாதத்தில் என்னுடைய ஏறக்குறைய அறுபது நாற்றுகளும் இப்படி மஞ்சளாயின. கலவை வழக்கமானதுதான். ஊற்றியதோ மழைத்தண்ணீர், அதைவிட நல்ல தண்ணீர் உண்டா என்று நம்பியிருந்தேன். அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து ஊற்றினேன். பத்து நாள் பச்சை திரும்பி, மறுபடி மஞ்சள். பி.எச். தாளைக் கலவையில் வைத்துப் பார்த்ததும் 7க்கு மேல் காட்டியது. தாளை மழைநீர்த் தொட்டியில் தோய்த்தேன், அங்கும் அப்படியே. அந்தத் தொட்டிக்கு ஆறு வாரங்களுக்கு முன்புதான் உட்புறம் புதிதாகச் சிமென்ட் பூசியிருந்தோம். புதுச் சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து, வானத்திலிருந்து வந்த நல்ல தண்ணீரை நாற்றுக்கு நஞ்சாக்கியிருந்தது. கூரையிலிருந்து நேரே பிளாஸ்டிக் பீப்பாயில் பிடித்த தண்ணீருக்கு மாறிய பிறகு வந்த இலைகள் பச்சையாக வந்தன. ஆனால் அதற்குள் பாதிக்கு மேற்பட்டவை போய்விட்டன.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் தண்ணீரைச் சோதியுங்கள், பிறகு கலவையை, அதன் பிறகே மருந்து. பி.எச். தாள் கிடைக்காவிட்டால், அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். வெள்ளைப் படிவு இருந்தால் அது இந்தச் செடிக்கு ஆகாத தண்ணீர். வேறு வழியே இல்லாதபோது, கடைகளில் எலுமிச்சை உப்பு என்று விற்கும் சிட்ரிக் அமிலத்தைச் சிட்டிகை சிட்டிகையாகக் கரைத்து, தாளில் 5 முதல் 5.5 வரை காட்டும்படி செய்து ஊற்றலாம். உடனடி நிவாரணத்துக்கு, செடி எளிதில் எடுத்துக்கொள்ளும் இரும்பு உரமான இரும்பு கிலேட்டை மிக நீர்த்த அளவில் இலைமேல் தெளிக்கலாம். செடித் தொட்டியைச் சிமென்ட் திட்டின்மேலோ சுண்ணாம்பு அடித்த சுவரோரத்திலோ வைத்திருந்தால் இடம் மாற்றுங்கள்.

இலை நுனியும் விளிம்பும் பழுப்பாகக் கருகுகின்றன

இது பெரும்பாலும் உப்பு. மூலகாரணம் உரமாகவோ, கலவையில் சேர்த்த தென்னை நார்க்கழிவாகவோ இருக்கும். கட்டியாக விற்கும் நார்க்கழிவில் உப்பு மிகுதி. நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே பயன்படுத்த வேண்டும். கருகல் தெரிந்தவுடன் உரத்தை நிறுத்தி, தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு மழைநீரை மெதுவாக ஊற்றி அடியில் வடியவிடுங்கள். வித்திலைகளுக்குப் பிறகு இரண்டு மூன்று உண்மை இலை வந்த நாற்றுக்கு, பொட்டலத்தில் சொல்லியிருக்கும் அளவில் கால் பங்கு உரம், அதுவும் பதினைந்து நாளுக்கொருமுறை போதும்.

தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஸ்பாக்னம் பாசியும், மண்ணை இளக்கும் வெண்ணிறக் குறுணையான பெர்லைட்டும் கலந்த கலவை நார்க்கழிவைவிட நம்பகமானது. அதற்காகச் சோலையில் மரத்தண்டில் படர்ந்திருக்கும் பாசியை உரித்து வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மலையில் ஓடைகளுக்கு ஈரத்தைப் பிடித்து வைப்பதில் அந்தப் பாசிக்கும் பங்கு உண்டு. ஒரு கையளவு மீண்டும் படரப் பல ஆண்டுகள் ஆகும்.

மண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் செடி வாடித் தொங்குகிறது

இரண்டு மூன்று வயதுச் செடியில் நாம் அஞ்ச வேண்டிய அறிகுறி இது. ஈர மண்ணில் வாடும் செடிக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் விடாதீர்கள். தொட்டியைக் கவிழ்த்து, வேருருண்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். நலமான வேர், தலைமுடிபோல மெல்லியதாக, வெண்மையும் இளம்பழுப்புமாக, பஞ்சுபோல மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். அழுகிய வேர் கரும்பழுப்பாக இருக்கும். ஒன்றை விரலிடுக்கில் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோலக் கழன்று வந்து உள்ளே நரம்பு மட்டும் நிற்கும். புளித்த வாடையும் வரும். தண்டின் அடியில் நகத்தால் சுரண்டிப் பார்க்கையில் பச்சைக்குப் பதில் செம்பழுப்பு தெரிந்தால் நோய் மேலேறிவிட்டது.

இது வேரழுகல் நோய். ஃபைட்டோப்தோரா என்னும் நுண்ணுயிரி தேங்கிய தண்ணீரில் நீந்திப் பரவி வேரைத் தாக்குவதால் வருவது. தண்டு பழுப்பேறிய செடியைக் காப்பாற்ற முடியாது. மண்ணோடு அப்புறப்படுத்தி, தொட்டியைக் கழுவி, அந்த மண்ணை வேறெதற்கும் பயன்படுத்தாமல் விடுங்கள். வேரில் பாதியேனும் வெண்மையாக இருந்தால், அழுகியதை வெட்டி நீக்கி, பெர்லைட் அல்லது நொறுக்கிய மரப்பட்டை மிகுதியாகக் கலந்த புதுக் கலவையில், முன்பிருந்ததைவிடச் சிறிய தொட்டியில் வைத்து, நிழலில் விடலாம். பெரிய தொட்டியில் சிறிய செடி வைப்பதே தண்ணீர் தேங்க முதல் காரணம்.

தரையில் நடும்போது பள்ளத்தில் நடாதீர்கள். சரிவில், மண்ணைக் குவித்த மேட்டின்மேல், வேருருண்டையின் தலை தரைமட்டத்துக்கு இரண்டு விரற்கடை மேலே நிற்கும்படி வைத்து, சுற்றிலும் இலைச்சருகால் மூடுங்கள். இதன் வேர் ஆழம் போகாது, மேலோட்டமாகவே படரும். அடியில் கொத்திக் களையெடுப்பதும் அதனால் ஆகாது. களையைக் கையால் பறியுங்கள்.

நட்டு ஓராண்டாகியும் செடி அப்படியே நிற்கிறது

வாடவுமில்லை, வளரவுமில்லை என்றால் வேருருண்டை பழைய வடிவத்திலேயே இருக்கிறதா என்று ஓர் ஓரத்தில் விரலால் தோண்டிப் பாருங்கள். ஸ்பாக்னம் பாசிக் கலவை ஒருமுறை முழுவதும் காய்ந்துவிட்டால் தண்ணீரை உள்ளே வாங்காது. சுற்றுமண் நனைந்திருக்க, உருண்டையின் நடு மட்டும் காய்ந்த கட்டையாக இருக்கும். சொட்டுச் சொட்டாக, நெடுநேரம் அடித்தண்டருகே தண்ணீர் விட வேண்டும். அடுத்த முறை நடும்போது உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் குமிழி அடங்கும்வரை முக்கி, வெளிவேர்களை விரலால் கலைத்துவிட்டு நடவும்.

இந்தச் செடி தன் வேரில் வாழும் பூஞ்சையின் துணையோடுதான் புளிப்பு மண்ணிலிருந்து சத்தை எடுக்கிறது. தோட்டத்தில் நலமாக நிற்கும் பெரிய மரம் ஒன்று இருந்தால், அதன் அடியிலிருந்து ஒரு பிடி மட்கை இடம் மாற்றி நட்ட செடிக்கு இடலாம். விதைத் தட்டுக்கு மட்டும் வேண்டாம், அழுகலும் சேர்ந்து வந்துவிடும். அருகில் சீகை (வாட்டில்) மரமோ கற்பூர (யூகலிப்டஸ்) மரமோ நின்றால் வேர்ப்போட்டி கடுமையாக இருக்கும். வேறிடம் தேடுவதே நல்லது.

டிசம்பர், ஜனவரியில் இளந்தளிர் கறுத்துவிட்டது

உறைபனி. பெரிய மரம் புல்வெளியின் பனியைத் தாங்கும். மற்ற சோலை மரங்கள் நுழையத் தயங்கும் புல்வெளியில் இது நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் நாற்றுக்கு அந்த வலு இல்லை. முதல் மூன்று குளிர்காலங்களில் மாலை ஐந்து மணிக்கே சாக்கு அல்லது பழைய போர்வையால் கூடாரம்போல மூடி, காலையில் பனி உருகிய பிறகு எடுங்கள். பள்ளத்தாக்கின் அடியில் குளிர்காற்று தேங்கும் என்பதால், அங்கே வைத்த செடியே முதலில் கருகும். கறுத்த நுனியை உடனே வெட்டாமல் மார்ச் வரை விட்டுவையுங்கள். கீழ்க்கணுக்களில் மொட்டு வீங்கிய பிறகு அதற்கு மேல் வெட்டலாம். செப்டம்பருக்குப் பிறகு உரம் போடாதிருந்தால் பனிக்காலத்தில் இளந்தளிரே இராது.

பூக்கவில்லை

விதையிலிருந்து வந்த காட்டுப் பூவரசு பூக்கப் பத்து ஆண்டுக்கு மேலாகும். பதினைந்து, இருபது ஆண்டு எடுத்துக்கொள்வதும் உண்டு. அதற்குள் பூக்கவில்லை என்றால் அது கோளாறே இல்லை, எதையும் மாற்ற வேண்டாம். வயது வந்தும் பூக்காமல் இலை மட்டும் தழைத்தால் நிழல் மிகுதியா, தழைச்சத்து உரம் மிகுதியா என்று பாருங்கள். மொட்டு வந்து, விரியாமல் பழுப்பேறிக் காய்ந்தால், மொட்டு உருவான காலத்தில் வறட்சியோ, விரியும் காலத்தில் உறைபனியோ தாக்கியிருக்கும். பூத்த நிறம் சிவப்பாக இல்லாவிட்டால், தாய்மரத்தருகே தோட்டக்காரர்கள் வைத்த கலப்பின ரோடோடென்ட்ரான் நின்றிருக்கும். தேனீயும் பறவையும் மகரந்தத்தைக் கொண்டுவந்திருக்கும். அந்தச் செடியின் விதையைக் காட்டு மீட்புப் பணிக்குக் கொடுக்காதீர்கள்.

முதல் ஆண்டுப் பூ உதிர்ந்ததும் காய்க்கொத்துகளைக் கிள்ளிவிடுங்கள், செடியின் வலு தளிருக்குப் போகட்டும். ஒரே ஒரு கொத்தை மட்டும் விட்டுவைத்து, பல மாதம் கழித்துக் காய் பச்சை மாறிப் பழுப்பேறத் தொடங்கும்போது மெல்லிய துணிப்பை கட்டுங்கள். நுனி வெடித்த மறுநாள் காலையில், காற்று எழுவதற்கு முன், பையோடு வெட்டி எடுக்க வேண்டும்.